துப்பாக்கிக்கு ஓர் அக்ரூட் கட்டை

அப்பாவின் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை போட வேண்டும், மரத்தை நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அண்ணன் என்னிடம் கேட்டது 1991ஆம் வருஷம் ஆடி மாதத்தில். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அதுவரை அந்த வீட்டில் சமையலைத் தவிர வேறு எதற்கும் என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. அதனால்தான் அவன் கேட்டபோது நான் ஏன் எதற்கு என்று திருப்பிக் கேட்கவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் எங்கள் வீட்டில் அப்போது அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு குழந்தைகள், நான் என்று ஆறு பேர். அப்பா முந்தைய கார்த்திகையில் இறந்திருந்தார். அண்ணன் என்னைவிட ஏழு வயது பெரியவன், ஒரு பாக்டரியில் லைனில் ஆபரேட்டர். நான் நெடுஞ்சாலை மேல் இருந்த இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஜாதகம் பொருந்தவில்லை, பொருந்தியது என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக நான் அழுததாகவும் ஞாபகம் இல்லை. காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ், நடுவில் என் ஸ்டோர்ஸ். அது எனக்குப் பிடித்திருந்தது.

மரம் எனக்குத் தெரியும் என்று அண்ணன் சொன்னது முகஸ்துதி இல்லை. எங்கள் கம்பெனியில் இயந்திரங்களை வெளியூருக்கு அனுப்ப மரப்பெட்டி அடிப்பார்கள். பலகை லோடு வந்தால் இறக்கிச் சரிபார்ப்பது என் வேலை. சேர்ந்த முதல் வருஷம் ஈரப்பலகையைச் சரியென்று எழுதி வாங்கிவிட்டேன். அதில் அடித்த பெட்டிக்குள் போன இயந்திரம் பூனே போய்ச் சேர்ந்தபோது பளபளப்பான பாகமெல்லாம் துருப்பிடித்திருந்தது. மானேஜர் எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு அந்தப் புகார்க் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். அதன் பிறகு நான் ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து எடைபோட்டு, கம்ப்ரசர் அறையின் சூட்டில் சில நாள் வைத்து, மறுபடி எடைபோட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். எடை குறைந்தால் ஈரம். கணு எங்கே இருந்தால் உடையும், ரேகை எப்படி ஓடினால் தாங்கும் என்பதெல்லாம் உடைந்து திரும்பி வந்த பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்டது.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரட்டைக் குழல், இங்கிலாந்தில் செய்தது, அப்பாவைவிட வயதில் மூத்தது. வல்லக்கோட்டைக் காட்டை ஒட்டி எங்களுக்கு வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. காட்டுப்பன்றி வந்து ஒரே நாளில் நாலு பாத்தியைக் கிளறிவிட்டுப் போகும். பயிர்க் காவலுக்கு என்று அப்பாவிடம் லைசென்ஸ் இருந்தது. அவர் பன்றியைச் சுட்டு நான் பார்த்ததில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார், அவ்வளவுதான். கடைசியாகப் போனபோது வரப்பில் வழுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கியின் மரக்கட்டை, விசைக்குப் பின்னால் கையால் பிடிக்கிற மெல்லிய இடத்தில், அதைக் கழுத்து என்பார்கள், நீளமாக விரிசல் விட்டுக்கொண்டது. அப்பா பிசின் தடவிச் செப்புக் கம்பி சுற்றி வைத்தார். அதற்குப் பிறகு அது வெடிக்கவில்லை.

அந்தக் கொல்லையை ஒட்டி ஓடிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. செங்கல் சூளை வைத்திருந்தார். அரிவாளானாலும் பேனாவானாலும் இடது கையில் பிடிப்பவர் என்பதால் ஊரில் அவரை நொட்டாங்கைக்காரர் என்பார்கள். நல்ல உயரம். எல்லைக் கல்லை இரண்டு அடி எங்கள் பக்கம் நகர்த்தி நட்டுவிட்டார் என்று அப்பாவுக்கும் அவருக்கும் சண்டை வந்து, சர்வேயர் வந்து, பஞ்சாயத்து வந்து, கடைசியில் பதினோரு வருஷம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா செத்த அன்று அவர் வந்து மாலை போட்டுவிட்டு நிற்காமல் போனார்.

அப்பா இறந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அந்த மே மாதம் எங்கள் பக்கத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும், அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதன் பிறகு எங்கு பார்த்தாலும் போலீஸ், கேள்வி. துப்பாக்கி வைத்திருந்த குடும்பம் என்பதால் எங்கள் வீட்டுக்கும் இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் இந்தத் தொல்லை, அரசாங்கத்திடமே விட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை.

"அப்பா சாமான். அப்படியெல்லாம் வுட முடியாது," என்றான். "லைசென்ஸ் என் பேருக்கு மாத்த எழுதிப் போட்டுக்கீறேன். பட்டணத்துல ரிப்பேர் கடைல குடுத்து வைக்கப் பர்மிஷன் வாங்கிட்டேன். கட்டை மட்டும் புதுசா போடணும். நீ வந்து மரத்தப் பாரு."

அப்பாவின் மேல் அவனுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பட்டணம் போனேன். லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடை மவுண்ட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரர் ஒரு பாய், நாற்பது வயதுக்காரர், ஜலதோஷம் பிடித்துக் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். அப்பாவின் செப்புக் கம்பியை அவர் குறட்டால் வெட்டிப் பிரித்தபோது கட்டை இரண்டாகக் கையோடு வந்தது. பழைய கட்டையை வைத்துப் பேப்பர் அட்டையில் அச்சு வெட்டி என்னிடம் கொடுத்தார்.

"பதினெட்டு இஞ்சு நீளம், ரெண்டரை இஞ்சு கனம். அக்ரூட், அதான் வால்நட்டு, கெடைச்சா ஒசத்தி. இந்தக் கழுத்துல மட்டும் ரேகை குறுக்கால போவக் கூடாதுமா. நீளவாக்குல ஓடணும். இல்லாட்டி மறுபடி இங்கதான் புட்டுக்கும்."

பழைய கட்டையை மேலிருந்து பார்த்தால் அது நேராக இல்லை என்பதைக் கவனித்தேன். பின்பக்கம் போகப்போக லேசாக வலது பக்கம் ஒதுங்கியிருந்தது. மழையில் வளைந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"வளையல. வளச்சுச் செஞ்சுக்கீறான். வலது தோள்ல வச்சு சுடுறவனுக்கு வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கினாத்தான் கண்ணு குழலுக்கு நேரா வரும். கண்ணாடிக்காரர் பவர் பாத்து கண்ணாடி குடுக்குற மாதிரி, இது ஆளுக்கு ஆள் மாறும்."

கிளம்பும்போது அண்ணன் என்னிடம், "பதினெட்டு வாணாம். இருபது இஞ்சா கெடைக்குதா பாரு," என்றான். அண்ணன் அப்பா மாதிரியே குள்ளம். அவனுக்கு எதற்கு இருபது என்று எனக்குத் தோன்றவே இல்லை. செதுக்கும்போது தேவைப்படும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் மரம் தேடினோம். அந்த மூன்று நாட்களும் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அண்ணனும் நானும் அவ்வளவு நேரம் சேர்ந்து எங்கும் போனதில்லை. பூந்தமல்லியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான். அப்பா எப்படிப் பொய்யாக இருமி அம்மாவிடம் காபி வாங்குவார் என்று சொல்லிச் சிரித்தோம்.

முதல் கடையில் ஈட்டி மரம் காட்டினார்கள். கறுப்புக் கோடு ஓடிய நல்ல துண்டு. தூக்கிப் பார்த்தேன், கல் மாதிரி கனத்தது. முன்பக்கம் குழல், பின்பக்கம் இவ்வளவு எடை என்றால் துப்பாக்கி பின்னால் சாயும். வேண்டாம் என்றேன்.

இரண்டாவது, இடித்த பங்களாச் சாமான் விற்கும் கடை. அங்கே பெரிய கட்டில் காலொன்று அக்ரூட்தான் என்று சத்தியம் செய்தார்கள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், கீழே மாவு மாதிரி தூள். உள்ளே பூச்சி இன்னும் உயிரோடு இருந்தது.

மூன்றாவது கடை, மேசை நாற்காலி செய்பவர்களுக்குக் காஷ்மீர் மரம் வரவழைத்துக் கொடுப்பது. அங்கே இரண்டு துண்டுகள் அகப்பட்டன. ஒன்றைப் பார்த்ததும் அண்ணன் அதைக் கையிலெடுத்துக்கொண்டு வெயிலுக்கே போய்விட்டான். நானும் அப்படி ஒரு மரம் பார்த்ததில்லை. தேன் நிறத்தில் கருஞ்சுழிகள், புகை எழும்புவது போல ஒன்றுக்குள் ஒன்று. இன்னொன்று சாதாரணத் துண்டு. மண் நிறம், மேலே பல வருஷத் தூசி, ஒரு ஓரத்தில் வெளிறிய பட்டை.

நான் இரண்டின் மேலும் அட்டை அச்சை வைத்துப் பார்த்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன், ஈரத்தில்தான் ரேகை எழுந்து வரும். சுழி போட்ட துண்டில், அச்சை எப்படித் திருப்பி வைத்தாலும் கழுத்து இருக்கும் இடத்தில் ரேகை குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. சாதாரணத் துண்டில் ரேகை ஒரு முனையில் நெருக்கமாகக் கிளம்பி, கழுத்து வழியாக நேராக ஓடி, தோளில் வைக்கிற அகலமான பக்கத்தில் மெல்ல விரிந்தது. யாரோ துப்பாக்கிக்கென்றே வளர்த்த மரம் மாதிரி. கணு இல்லை. பக்கவாட்டில் தட்டினால் வெடிப்பின் சத்தம் இல்லை. வெளிறிய ஓரத்தை வெட்டிவிட்டாலும் இருபது அங்குலம் தேறும்.

"இதுதான்," என்றேன்.

அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. "இது இன்னா, பொட்டி அடிக்கிற பலக மாதிரி கீது. பாத்தா ஒரு லட்சணம் வாணாமா?"

"அண்ணா, அது அழகுதான். ஆனா நாலு வெடிக்கு மேல தாங்காது. அப்பா கட்ட ஒடஞ்ச அதே எடத்துல ஒடையும். எண்ணெ போட்டுத் தேய்ச்சா இதுவும் அழகாத்தான் வரும்."

அவன் சுழி போட்ட துண்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தான். "பாக்கறவங்க அசந்து போவணும்னு நெனச்சேன்," என்றான். பன்றி விரட்டப் போகிற துப்பாக்கியை யார் பார்த்து அசந்து போக வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசியில், "சரி, உனக்குத்தான் தெரியும்," என்று என் துண்டையே வாங்கினான். வரும் வழியெல்லாம் அதை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வழியில் பிடித்த தூறலில் மரம் மேலாக ஈரம் குடித்திருந்தது. இரண்டு முனையிலும் மெழுகு உருக்கிப் பூசி, ஸ்டோர்ஸில் ஒரு மேல் அலமாரியில் வைத்தேன். முதல் திங்கட்கிழமை எடை மூன்று கிலோ அறுநூற்றுப் பத்து கிராம். மறு திங்கள் மூன்று ஐந்நூற்று அறுபது. ஒரு சிறு நோட்டில் எழுதி வந்தேன். எடை நின்றுபோகிறவரை செதுக்கக் கூடாது, செதுக்கினால் இரும்போடு சேருகிற இடத்தில் மரம் சுருங்கி இடைவெளி விழும். திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் கேட்பான்: "எவ்ளோ கொறஞ்சுது?" நான் சொல்வேன். அவன் தலையாட்டுவான். அந்தக் கேள்விக்காகவே திங்கட்கிழமை சாயங்காலம் வருவதை நான் எதிர்பார்த்தேன் என்று இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

ஆவணி கடைசியில் ஒரு நாள் காலை, நான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, அண்ணன் பத்திரத்தாள்களைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தான்.

"துப்பாக்கி லைசென்ஸுக்கு வாரிசுங்க ஆட்சேபணை இல்லேன்னு எழுதித் தரணும். அம்மா போட்டுட்டாங்க. நீயும் போட்டுட்டா இன்னிக்கே நோட்டரிகிட்ட குடுத்துடுவேன்."

மேலே இருந்த தாளைப் படித்தேன். துப்பாக்கி எண், அப்பா பெயர், ஆட்சேபணை இல்லை. கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே இன்னும் மூன்று தாள்கள். அண்ணன் ஒவ்வொன்றின் மேல் மூலையையும் கட்டைவிரலால் மடித்துப் பிடித்து, கையெழுத்து வேண்டிய இடத்தை மட்டும் காட்டினான்.

"எல்லாம் அதே காப்பிதான். கட்டை எவ்ளோ கொறஞ்சுது இந்த வாரம்?"

"பத்து கிராம்தான். நின்னுடுச்சு மாதிரி தெரியுது," என்று சொல்லிக்கொண்டே மூன்றிலும் போட்டேன்.

கம்பெனியில் நான் ஒரு டெலிவரி சலானை வரிக்கு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. லாரி டிரைவர்கள் என்னைத் திட்டுவார்கள். அப்படிப்பட்டவள் நான்.

புரட்டாசியில் எடை அசையாமல் நின்றது. மூன்று கிலோ நானூற்று இருபது, மூன்று வாரமாக. அண்ணனுக்கு அந்த வாரம் OT. நானே சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, கட்டையைக் கோணியில் சுற்றி, பஸ்ஸில் பட்டணம் எடுத்துப் போனேன்.

ரிப்பேர்க் கடைக்காரர் கோணியைப் பிரித்துக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனையை முகர்ந்தார். "யாரு எடுத்தா இத?" என்றார். நான்தான் என்றேன். "கடைக்கு வர்றவங்க எல்லாம் சுழி சுழியாத்தான் எடுத்தாறாங்க. இது வெவரம் தெரிஞ்ச கை எடுத்தது," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நடந்தே வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அவர் மேசையில் கட்டையை நிறுத்தி, மேற்பக்கத்தில் நடுக்கோடு போட்டார். அந்தக் கோட்டிலிருந்து பின்பக்கம் நோக்கி இன்னொரு கோடு இழுத்தார். அது இடப்பக்கம் சாய்ந்தது.

"பாய், நீங்க வலப்பக்கம்தானே ஒதுங்கும்னு சொன்னீங்க?"

"ஆமா, வலது கைக்காரனுக்கு. இவரு நொட்டாங்கை இல்ல? இடது தோள்லதான் வைப்பாரு." அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "கையும் நீட்டம். அதுக்குத்தான் இருபது இஞ்சு. போன மாசமே உங்க அண்ணன்கூட வந்து நின்னு அளவு குடுத்துட்டுப் போனாரே. உனக்குத் தெரியாதா?"

எனக்கு யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"செங்கல் சூள வச்சிக்கீறாராமே. லைசென்ஸு அவர் பேர்லதான் வருதாம். நெலத்தோட சேத்து வாங்கறாராம்." என் முகத்தைப் பார்த்து அவர் நிறுத்திக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒக்காருமா," என்றார்.

நான் உட்காரவில்லை. நிலம் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் அந்த மூன்று தாள்களும், அவற்றை மடித்துப் பிடித்த கட்டைவிரலும் என் கண்ணுக்கு வந்தன. "கட்டைய குடுங்க பாய்," என்றேன்.

"கோடு போட்டாச்சேமா."

"பரவால்ல. குடுங்க."

அவர் கோணியில் சுற்றிக் கொடுத்தார். துப்பாக்கி அவரிடமே இருந்தது, அதைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பின்வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோணி மூட்டையோடு எதிரே உட்கார்ந்தேன்.

"அம்மா, கொல்லைய நொட்டாங்கைக்காரருக்குக் குடுக்கறாங்களா?"

அம்மாவின் விரல்கள் நின்றன. பிறகு மறுபடி ஆய ஆரம்பித்தன. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் வாயால் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

"அவன்தான் குடும்பத்தப் பாக்கறான். அவன் ஒண்ணு சொல்லும்போது நான் இன்னா சொல்ல முடியும்?"

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்ட சொன்னா நீ சண்டை போடுவேன்னான். நீ நாளைக்கு ஒரு வூட்டுக்குப் போறவ. அவன்தான் கடசி வரைக்கும் இங்க கீறவன்."

"அப்பா பதினோரு வருஷம் அந்த ஆளு மூஞ்சியில முழிக்கல."

"அப்பா பூட்டாரு," என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்ததும் கூடத்தில் கட்டையைப் பார்த்தான். பென்சில் கோடு மேலே தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"குடுக்கலியா கடையில?"

"குடுத்தேன். இடப்பக்கம் கோடு போட்டாரு. நீ எப்போண்ணா நொட்டாங்கை ஆனே?"

அண்ணி குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"கம்பெனிங்க வருது. இன்னும் பத்து வருஷத்துல இந்தப் பக்கம் ஒருத்தனும் கடலை போட மாட்டான். அவரு மொத்தமா வாங்கறாரு. துப்பாக்கியும் சேத்துத் தந்தாத்தான் பேச்சுன்னாரு. அவருக்கு அதுமேல ரொம்ப நாளா ஒரு கண்ணு."

"நான் போட்ட கையெழுத்து?"

"உன் பங்குக்கும் சேத்து நான் விக்கலாம்னு பவர்."

"ஏன் என்னக் கேக்கல?"

"கேட்டா குடுப்பியா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்," என்றேன். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் கேட்டால் நான் எதையும் மறுக்காத காலம் அது.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். நான் அடுத்ததைக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மரம் பாக்க என்ன எதுக்குக் கூட்டிகினு போன?"

"உனக்கு மரம் தெரியும். அது நெசம்," என்றான். பிறகு, "நீயும் சந்தோஷமா இருந்தியே," என்றான்.

அவன் என்னை ஏமாற்ற அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் திட்டம்போட்டுச் செலவழித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவனும் அந்த நாட்களில் நிஜமாகவே சிரித்திருக்கிறான். என்னோடு டீ குடித்துச் சிரித்த அதே ஆள்தான் தாளை மடித்துப் பிடித்து என் கையெழுத்தை வாங்கினான். இரண்டையும் ஒரே ஆளால் செய்ய முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

திங்கட்கிழமை லீவு போட்டுக் காஞ்சிபுரம் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர்தான் விளக்கினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சட்டம் மாறி, கல்யாணமாகாத மகளுக்கும் மகனுக்குச் சமமாகக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்று வந்திருந்தது. நான் அதைப் பேப்பரில் படித்துவிட்டு, நல்லதுதான் என்று பக்கத்தைத் திருப்பியவள். அண்ணன் அதை வேறு விதமாகப் படித்திருக்கிறான். கிரயப் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை, வெறும் ஒப்பந்தம்தான் என்பதால் வக்கீல் பவரை ரத்து செய்து அண்ணனுக்கும் நொட்டாங்கைக்காரருக்கும் நோட்டீஸ் அனுப்பினார். என் வீட்டு விலாசத்துக்கே நான் அனுப்பிய நோட்டீஸை அம்மா கைநாட்டு வைத்து வாங்கினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. என் தட்டில் சோறு விழும், பேச்சு விழாது. ஐப்பசி முடிவதற்குள் சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அறை கொடுக்க அந்த வீட்டுக்காரம்மா நாலு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் கொடுத்தாள்.

கட்டையை மறுபடி என் ஸ்டோர்ஸ் அலமாரியிலேயே கொண்டுபோய் வைத்திருந்தேன். தையில் ஒரு நாள் பேக்கிங் செக்‌ஷன் ஆட்கள், பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு இயந்திரத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க நல்ல உறுதியான மரம் வேண்டுமென்று அதை எடுத்து நாலாக அறுத்துவிட்டார்கள். வந்து சொன்னபோது, சரி, நல்ல மரம், தாங்கும் என்றேன். இயந்திரத்தோடு அதுவும் வெளியூர் போயிற்று. துப்பாக்கிக்கு அப்புறம் வேறு மரம் போட்டு, லைசென்ஸ் மாறி, நொட்டாங்கைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். சுழி போட்ட துண்டையே வாங்கிப் போட்டார்களா என்று தெரியாது. நான் பார்க்கவில்லை.

வழக்கு இழுக்கவில்லை. மூன்றாம் வருஷம் சமரசமாகப் பாகம் பிரித்தார்கள். காட்டோரம் இருந்த பகுதி எனக்கு வந்தது. அண்ணன் தன் பங்கை அவருக்கே விற்றான். பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் முழுக்கக் கம்பெனி காம்பவுண்டுச் சுவர்கள் எழும்பியபோது நானும் என் பங்கை விற்றேன்தான். அண்ணன் சொன்னது தப்பாகப் போகவில்லை. ஆனால் அந்தப் பத்திரத்தின் எல்லாப் பக்கத்தையும் நான் பதிவு ஆபீசில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

பாகம் பிரித்த மறு வருஷம் அம்மா என்னிடம் வந்தாள். அண்ணிக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அறையில் ஒரே கட்டில். அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே பாய் போட்டுக்கொண்டேன். ஆறு வருஷம் என்னோடு இருந்தாள். அண்ணன் மாதம் ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு வருவான், அவளோடு பேசிக்கொண்டிருப்பான், நான் காபி கொடுப்பேன். சர்க்கரை போதுமா என்று கேட்பேன். போதும் என்பான்.

அம்மாவும் நானும் பழையதைப் பேசியதே இல்லை. ஒரு மத்தியானம் நான் லீவில் இருந்தேன். அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அன்னிக்கு உன்கிட்ட நான் சொல்லியிருக்கணும்," என்றாள்.

பரவாயில்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். எனக்கும் அது வாய்வரை வந்தது.

"ஆமாம்மா," என்றேன். "சொல்லியிருக்கணும்."

அவள் தலையசைத்தாள். நான் சிக்கைப் பிரித்து, எண்ணெய் வைத்து, இறுக்கமில்லாமல் கொண்டை போட்டுவிட்டேன்.